உற்றவன் அறிவு

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அவை. இந்நான்கும் வடமொழி ஆயுள்வேத நூல்களிலும் உண்டு என்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். எடுத்துக்காட்டிய பின், யார் யாரிடமிருந்து பெற்றார் என்னும் வழக்கிலே இறங்கிவிட்டமையால், கண்முன் நின்ற வேறுபாடு ஒன்றைக் கருதாது போயினர். சரகர் வைத்த முறை மருத்துவன், மருந்து, பணியாளன், நோயாளி என்பது. அவருக்குப் பின்வந்த வாக்பட்டரும் அம்முறையையே மேற்கொண்டார். வடநூல்களில் கடைசியில் நின்ற நோயாளியை வள்ளுவர் முதலில் நிறுத்தினார்.

யாப்பு நோக்கி அமைந்த வைப்பு என்று ஒருவர் இதனைத் தள்ளிவிடலாம். ஆயின், அதற்கு முந்திய குறளிலும் மருத்துவம் கற்றவன் கருத வேண்டிய மூன்றனுள் உற்றவனின் அளவே முதலில் நிற்கின்றது. நோயின் அளவும் காலமும் அதன் பின்னரே வருகின்றன. ஒருமுறை வந்தால் யாப்பு எனலாம்; அடுத்தடுத்து இருமுறை வந்தால் அது கருத்தேயாம். அன்றியும், அதிகாரத்தின் பத்துக் குறள்களில் மருத்துவனை நோக்கியவை இறுதி மூன்றே. இடையில் உள்ள ஆறு குறள்கள் முன்னுண்டது அற்றதா, பசித்ததா, அளவு எது என்று உண்பவனே தன் உடம்பைக் கேட்டறிந்து நடக்கும் நெறியைக் கூறுவன. மருத்துவன் வீட்டு வாயிலை மிதிக்கும் முன்னரே அதிகாரத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகின்றது.

உற்றவன் என்னும் சொல்லையும் நோக்குக. அதனுள் நோய் என்னும் சொல் இல்லை. உறுதல் என்பது நேர்தல், பொருந்துதல், பட்டறிதல். உறவினரை உற்றார் என்பதும் இவ்வடியாகப் பிறந்ததே. நோயை ஆள்பவன் என்றோ நோயால் ஆளப்படுபவன் என்றோ கூறாமல், தனக்கு நேர்ந்ததை அறிந்தவன் என்று பொருள்படும் சொல்லை வள்ளுவர் ஆண்டார். நெடுநாள் நோயுடன் வாழ்வோரைப் பற்றி எழுதப் புகுவோர்க்கு இதனினும் மதிப்புடைய சொல் தமிழில் இருப்பதாகத் தோன்றவில்லை.

இனி, இந்த உற்றவனுக்கு வேண்டிய பண்புகள் யாவை? சரகர் நான்கு கூறுவார். நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, நோயின் தன்மையை எடுத்துரைக்கும் திறன் என்பன அவை. வாக்பட்டரும் நான்கே கூறுவார். அவை செல்வமுடைமை, மருத்துவனுக்கு அடங்கி நடத்தல், நோயை எடுத்துரைத்தல், மனத்திண்மை என்பன. குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் உற்றவனின் வகை நான்கினை விரிக்குமிடத்து, பொருளுடையனாதலை முதலில் வைத்து, மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலையை உணர்த்தல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்று தொடர்கின்றார். வாக்பட்டரின் வழியே இங்கு உரையில் இறங்கியுள்ளது என்பது வெளிப்படை. மூன்று பண்புகள் பெரும்பாலும் மாறாமல் நிற்க, ஒன்று மட்டும் மாறியிருக்கின்றது. நினைவு போயிற்று; அதன் இடத்தில் செல்வம் வந்து அமர்ந்தது.

இம்மாற்றத்துக்குக் காரணம் கூறுதல் அரிதன்று. மருந்துச் சரக்குக்கு விலை உண்டு. மருத்துவனுக்கும் வயிறு உண்டு. உலகியல் அறிந்தவர் வாக்பட்டர். எனினும், குறளுக்கு உரை எழுதுமிடத்து இப்பண்பினை முதலாக வைத்தது பொருந்துமா என்பது வினா. உற்றவனின் அளவினை முதலில் கருதுக என்று கூறிய புலவர், அவனுடைய மடிச்சீலையின் அளவைக் கருதியிருக்க மாட்டார். பரிமேலழகரின் பேரறிவுக்குத் தலைவணங்குகிறோம். இந்த ஓரிடத்தில் அவரைப் பின்பற்ற மனம் இசையவில்லை.

நினைவு ஏன் வேண்டும்? மூன்று நாள் காய்ச்சலுக்கு நினைவு வேண்டுவதில்லை. அது வரும், போகும். போகாத நோய்க்கே நினைவு வேண்டும். எந்த உணவின் பின் வலி எழுந்தது, எந்தப் பருவத்தில் மூச்சு இறுகியது, மயக்கம் வருமுன் கைவிரலில் தோன்றிய நடுக்கம் எத்தகையது என்பனவற்றை மருத்துவர் அறியார். அவர் நோயாளியுடன் இருப்பது கால் மணி நேரம்; நோயாளி நோயுடன் இருப்பது இரவும் பகலும். திருப்பதியில் 1993ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் போன்ற பெரிய மருத்துவமனைகளில், சிறுநீரகம் பழுதுற்றுக் குருதிச் சுத்திகரிப்புக்காக நாள் தவறாமல் வருவோரைக் காணலாம். அவர்கள் பருகும் நீருக்கும் கணக்கு உண்டு. மோரையும் குழம்பையும் பழச்சாற்றையும் கூட நீராகக் கொண்டு, விடியல் முதல் இரவு வரை உட்சென்றதை மனத்திலே கூட்டிக்கொண்டே இருப்பார்கள். கோடை நண்பகலில் நாவறண்டு நிற்கையிலும் அக்கணக்குத் தவறுவதில்லை. அளவறிந்து உண்க என்று நாம் மேடையில் முழங்குகிறோம். அளவு என்றால் என்ன என்பதை அவர்களே அறிவார்கள்.

நோய்நிலையை எடுத்துரைத்தல் என்பதும் எளிய செயலன்று. வலி ஒன்று, அதற்கு மக்கள் வழங்கும் சொற்கள் பல. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, விண்ணென்று தெறித்தல் என்பனவற்றுள் தனக்கு நேர்ந்தது எது என்று தேர்ந்து கூறுபவன், சொல்லாய்வில் புலவனுக்கு இளைத்தவன் அல்லன். இச்சொல் திறனுக்குத் தமிழ் இலக்கியத்தில் தலைசிறந்த சான்று திருநாவுக்கரசர்.

அவர் திருவதிகையில் பாடிய முதற்பதிகத்தை நாம் சமய வரலாற்றின் திருப்புமுனையாகவே படித்து வந்துள்ளோம். சூலை வந்தது, சமணம் விட்டது, சைவம் வென்றது என்று மூன்று சொற்றொடரில் அதனை முடித்துவிடுகிறோம். பதிகத்தை உற்றவனின் கூற்றாகப் படித்துப் பார்த்தால் வேறொன்று புலனாகும். வயிற்றினுள் எந்தப் பகுதியில், எவ்வாறு முறுக்கி, எவ்வாறு செயலறச் செய்கின்றது என்று அவர் கூறும் முறையில் மிகை இல்லை. மருத்துவன் முன் நின்று கூறுபவனின் துல்லியம் இருக்கின்றது. தான் செய்த கொடுமை எது என்று அறியவில்லை எனத் தொடங்குவது, நோய்முதல் யாது என்று தன்னையே ஆராய்வது. நீரும் பூவும் புகையும் தமிழும் இசையும் மறந்ததில்லை என்று அவர் சூளுரைப்பதைப் பற்றி அறிஞர்கட்கு ஒரு தடுமாற்றம் உண்டு. பலகாலம் சமணராயிருந்தவர் இவ்வாறு கூறலாமோ என்று ஐயுற்று, முற்பிறவி என்றும் இளமைக்காலம் என்றும் விடை கூறுவர். நெடுநாள் நோயுற்ற ஒருவரின் அருகில் அமர்ந்து அவர் பேச்சைக் கேட்டவர்க்கு இவ்வையம் எழாது. இதை விட்டதில்லை, அதைத் தவறியதில்லை, பின் ஏன் இது வந்தது என்று வாழ்நாளை நெடுகத் திரும்பிப் பார்ப்பது உற்றவரின் இயல்பு. சரகர் கூறிய நினைவு என்னும் பண்பு அங்கே பாட்டாகி நிற்கின்றது.

அப்பதிகத்தில் மற்றோர் உவமையும் உண்டு. கரையில் நிற்பவர்கள், நீயே பார்த்துக்கொள் என்று கூறி ஒருவனை ஆழமான குளத்தில் தள்ளிவிடுகிறார்கள். அவனுக்குக் கால் ஊன்ற நிலையும் தெரியவில்லை, ஏறத் துறையும் தெரியவில்லை. நீங்காத நோய் வந்துற்ற முதல் நாட்களை இதனினும் செவ்வையாகக் கூறிய பாட்டு எம்மொழியிலும் அரிதாகவே இருக்கும். கரையில் நிற்பவர் அனைவரும் நல்லவரே. அறிவுரையும் நிறையக் கூறுவர். நீரின் ஆழம் மட்டும் அவர்க்குத் தெரியாது.

சேக்கிழார் இதனை மேலும் விளக்கமாக்குகிறார். சமண முனிவர் மந்திர நீர் கொடுத்தும் மயிற்பீலியால் தடவியும் சூலை தணியவில்லை. தருமசேனராயிருந்த அவர் தமக்கு உணவு சமைப்பவனைத் தமக்கையாரிடம் அனுப்புகிறார். திலகவதியார் அவ்விடம் வரமாட்டேன் என்று மறுக்கிறார். நள்ளிரவில் பாயும் குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெண்மையான உடை உடுத்து, கைகொடுப்பவரை ஊன்றிக்கொண்டு அவர் புறப்படுகிறார். மருத்துவன் சொல்லுக்கு அடங்கி நடத்தல் என்னும் பண்பினை அவர் இங்கே மீறுகிறார். பயன்தராத மருத்துவத்தை விட்டு நீங்குவதும் ஓர் அறிவே. அதற்கு அஞ்சாமை வேண்டும். ஊன்றிச் செல்ல ஒரு கையும் வேண்டும். அருகிருந்து பணிபுரிபவன் என்று வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு இங்குத் தமக்கையாகவும் பெயர் கூறப்படாத ஒரு சமையற்காரனாகவும் வந்து நிற்கின்றது. அச்சமையற்காரனைப் பற்றி நம் சொற்பொழிவாளர்கள் ஒரு வாய்ச்சொல்லும் கூறுவதில்லை.

மருத்துவனை விட்டு நீங்கிய உற்றவர் நாவுக்கரசர் என்றால், நீங்காத உற்றவனைப் பாடியவர் குலசேகரர். வேங்கடத்தின் அடிவாரத்தில் வாழும் நமக்கு அவர் அணுக்கமானவர். திருமலைக் கருவறையின் வாயிற்படி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகத்தில் அவர் இந்த மலையில் கொக்காகவும் மீனாகவும் மரமாகவும் புதராகவும் ஆறாகவும் வழியாகவும் படியாகவும், ஈற்றில் ஏதேனும் ஒன்றாகவும் ஆக விழைகிறார். அதனை அடுத்த ஐந்தாம் பதிகம் வித்துவக்கோட்டுப் பெருமானை நோக்கியது. கத்தியால் அறுத்தும் தீயால் சுட்டும் மருத்துவம் செய்பவனிடத்தில் நோயாளன் கொள்ளும் காதலை அங்கே உவமையாக்குகிறார்.

வைணவப் பெரியோர் இதனை அடியவன் இறைவனுக்கே உரியவனாய் நிற்கும் நிலைக்குச் சான்றாகக் கொள்வர். அப்பொருள் பிழையன்று. எனினும் அப்பாட்டின் உயிர் நோயாளனின் பகுத்தறிவில் இருப்பதாகக் கூறத் தோன்றுகின்றது. அறுப்பவர் இருவகையர். பகைவனும் அறுக்கிறான், மருத்துவனும் அறுக்கிறான். உடம்புக்கு இரண்டும் ஒரே வலி. கெடுக்க வந்த வலி எது, கொடுக்க வந்த வலி எது என்று பிரித்தறியக் கற்றவனுக்கே அக்காதல் பிறக்கும். கல்லாதவன் அஞ்சி ஓடுவான். அல்லது எவன் அறுத்தாலும் கழுத்தை நீட்டுவான். நாவுக்கரசர் நீங்கியதும் குலசேகரரின் நோயாளன் நீங்காததும் ஒரே அறிவின் இரு முகங்கள். எப்போது விடுவது, எப்போது பற்றிக்கொள்வது என்பதை எந்த நூலும் உற்றவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

திருமலையைப் பேசுமிடத்து ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அனந்தாழ்வானின் கடப்பாறை பட்டு வேங்கடவனின் மோவாயில் குருதி கசிந்ததென்றும், அதற்கு மருந்தாகவே பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகின்றதென்றும் மரபு கூறும். அக்கடப்பாறை கோயில் வாயிலில் இன்றும் காட்டப்படுகின்றது. ஆறிவிட்டதென்று ஒருநாளும் விடப்படாமல், நாள்தோறும் மருந்திடப்படும் காயம் அது. நெடுநோயினர் அந்தத் திருமுகத்தின் முன் நிற்கும்போது எதைக் காண்கின்றனர் என்று வினவினால் விடை பலவாக வரக்கூடும்.

இவை யாவும் பாட்டும் பத்திமையும் அல்லவா, நடைமுறைக்கு என்ன சான்று என்று கேட்போர்க்கு விடை இம்மாவட்டத்தின் மேற்கிலிருந்தே தொடங்குகின்றது. 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது கடப்பையிலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்து, 2022 வரை அதன் பகுதியாயிருந்தது மதனப்பள்ளி. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில், வறண்ட நல்ல காற்றுடைய அவ்வூரின் அருகே, திருச்சபைகள் பல கூடிக் காசநோயர்க்கென ஓர் ஆரோக்கிய நிலையத்தை 1910களில் நிறுவின. இடத்தின் பெயரே ஆரோக்கியவரம் ஆயிற்று. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமோட் மோலர் நெடுங்காலம் அதனை நடத்தினார். காசத்தைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லாத காலம் அது. ஸ்டிரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். அதற்கு முந்திய ஆண்டுகளில் அத்தகைய நிலையங்களில் நோயாளி பெற்றதெல்லாம் காற்றும் உணவும் ஓய்வும் ஒழுங்குமே. உடல்வெப்பத்தை நாள்தோறும் குறித்தல், படுத்திருக்க வேண்டிய வேளையில் பேச்சையும் அடக்கிப் படுத்திருத்தல், இத்தனை அடி நடக்கலாம் என்றால் அத்தனையே நடத்தல், கோழையைக் கண்ட இடத்தில் உமிழாமை என்பன அங்குக் கற்கப்பட்ட கல்வி. மாதக் கணக்கில் அசையாது கிடக்கக் கற்றல் எளிதா என்பதை ஒரே ஒரு பிற்பகல் முயன்று பார்த்தவர் அறிவர்.

பின்னர் மருந்து வந்தது. மருந்து வந்தபின் எழுந்த வினாவே நம் ஆராய்ச்சிக்கு நேராகப் பொருந்துவது. நல்ல உணவும் காற்றோட்டமும் ஓய்வும் வாய்ந்த நிலையத்தில் தங்கி மருந்துண்பவருக்கும், நெரிசல் மிகுந்த குடிசையில், உள்ளதை உண்டு, மருந்தை மட்டும் தவறாமல் உட்கொள்பவருக்கும் எத்துணை வேறுபாடு இருக்கும்? 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஐசோநயசிட், பி.ஏ.எஸ். என்னும் மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. முடிவு 1959இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தவரும் ஏறக்குறைய அதே அளவில் நலம்பெற்றனர். அவர் வீட்டாருக்கும் அதனால் மிகுதியான தீங்கு நேரவில்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய ஆய்வு அது.

இலக்கியம் படிப்பவர் இதனைக் குறளுரையின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மருந்தை விலையின்றிக் கொடுத்துவிட்டால், செல்வமுடைமை என்னும் பண்பு இல்லாமலே நோய் தீர்ந்தது. தேவைப்பட்டது, இருமல் நின்று உடல் தேறிய பின்னும், உடம்பு நலமே என்று பொய்யுரைக்கும் மாதங்களிலும், மருந்தை மறவாதிருக்கும் நினைவு. அந்த ஆய்வாளர்கள் எதிர்பாராத நேரத்தில் வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். அவர்கள் ஐயுற்றது நோயாளியின் வறுமையை அன்று, நினைவையே. கண்முன் விழுங்கச் செய்யும் முறை பிற்காலத்தில் வளர்ந்ததும் அவ்வையத்தின் தொடர்ச்சியே. சரகர் முதலில் வைத்த பண்பு, வாக்பட்டர் கைவிட்ட பண்பு, சென்னைச் சேரிகளில் மீண்டும் முதலிடம் பெற்றது. விலையின்றிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தமையாலேயே அது இயன்றது என்பதையும் மறைப்பதற்கில்லை. மருந்து விலைக்கு விற்கும் இடங்களில் பரிமேலழகர் இன்னும் வென்றுகொண்டுதான் இருக்கிறார்.

இவ்வாறெல்லாம் எழுதுவதில் ஓர் இடர் உண்டு. நோயே ஆசான், துன்பமே தவம் என்று போற்றும் ஒரு வழக்கம் நம் மேடைகளில் மலிந்துள்ளது. பெரும்பாலும் நலமாயிருப்பவரே அவ்வாறு பேசுவர். புதுமைப்பித்தனைக் காசநோய் 1948இல் கொண்டுசென்றபோது அவருக்கு வயது 42. திரைப்பட வேலைக்காகப் புனாவில் தங்கியிருந்த காலத்தில் தம் மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்துள்ளன. அவற்றைப் படித்தபின் காசம் அந்தக் கலைஞனுக்கு எதையோ கற்பித்தது என்று கூற எவருக்கும் நா எழாது. அது எழுத வேண்டிய பக்கங்களைப் பறித்தது, அவ்வளவே. மருந்து கண்டறியப்பட்டிருந்தும் எளியவர் கைக்கு எட்டாதிருந்த ஆண்டுகள் அவை. நோய் எதனையும் தருவதில்லை. உயிரும் காலமும் துணையும் எஞ்சியிருந்தால், உற்றவர் தாமே சிலவற்றை ஆக்கிக்கொள்கின்றனர். அவ்வாறு ஆக்கிக்கொண்டதை நோயின் கொடை என்பது, உழுதவன் உழைப்பைப் பஞ்சத்தின் கணக்கில் வரவு வைப்பதாகும்.

அவ்வாறு ஆக்கிக்கொள்ளும் திறன்களுள் நுண்மையானது ஒன்றைக் காளத்தி நமக்குக் காட்டுகின்றது. நக்கீரர் கொடுநோயுற்றார் என்றும், கயிலையைக் கண்டாலன்றி அது தீராதென்று வடக்கே நடந்தார் என்றும், இடைவழியில் ஒரு பொய்கையில் மூழ்கிக் காளத்தியில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி பெற்றார் என்றும் தலவரலாறு கூறும். நக்கீரதேவர் பெயரில் பதினோராம் திருமுறையில் உள்ள அந்தாதி, நூறு வெண்பாக்களில் ஒன்றைக் கயிலைக்கும் அடுத்ததைக் காளத்திக்கும் என மாறிமாறித் தருகின்றது. சங்க நக்கீரர் வேறு, இவர் வேறு என்று ஆராய்ச்சியாளர் கூறுவதும் வரலாற்று முறையில் ஏற்புடையதே. ஆயினும் மரபு அக்கதையை இந்நூலுடன் பொருத்தியதில் ஒரு கூர்மை உண்டு. சென்று சேர இயலாத இடம் ஒன்று. கால் எட்டும் இடம் ஒன்று. இரண்டினையும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடுத்து, முன்னதன் இறுதியே பின்னதன் தொடக்கமாக அமைத்துக்கொண்டு நாளை ஓட்டுவது நெடுநோயினரின் வாழ்க்கை முறை. தொலைவான விருப்பத்தை விடுவதுமில்லை. அருகில் இருப்பதை இகழ்வதுமில்லை. அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் ஏற இயலாத மூட்டுநோயினர், இத்தனை படி ஏறி அமர்வது, மீண்டும் இத்தனை ஏறுவது என்று தமக்கென ஓர் அந்தாதி அமைத்துக்கொண்டு செல்வதை அம்மலைவழியில் எவரும் காணலாம்.

நாவுக்கரசரும் முதுமையில் காளத்திக்கு வந்து திருத்தாண்டகம் பாடினார். காளத்தியிலே நின்றபோதுதான் கயிலை காணும் வேட்கை அவருக்கு எழுந்ததெனச் சேக்கிழார் அமைக்கிறார். திருப்பருப்பதம் கடந்து, காசி கடந்து, துணைவந்தவரையும் விட்டுத் தனியே சென்றார். கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்தார். கை தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டார். சூலை முறுக்கிய நாளில் பிறர் கையை ஊன்றி நடந்தவர் அவர். இறுதியில் அவரும் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். கயிலையை அங்கேயே கண்டார்.